உயிரோடு இருப்பவருக்கு வைத்த பொட்டு

1

இந்த மாதத்தோடு நான் மலேசியாவின் ஜொகூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதைக் கொண்டாட என் மனைவி லெட்சுமி கேசரி கிளறினாள். மகள் தர்ஷினி வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள். அனுப்பும்போது அவள் அடுத்த அறையில்தான் இருந்தாள்.

வெளிநாட்டில் இருக்கிறவன் என்றால் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருப்பான் என்று ஊரில் இருக்கும் உங்களில் பலர் நினைக்கிறீர்கள். என் கழுத்தில் தொங்குவது அளவெடுக்கும் நாடா. கண்ணாடியும் உண்டு, ஆனால் அதை நான் வெட்டிக்கொண்டிருப்பேன். விருத்தாசலம் கடைத்தெருவில் அண்ணனோடு சேர்ந்து செய்த அதே வேலையைத்தான் கடல் தாண்டி வந்து உலு திராமில் செய்கிறேன். படங்களுக்கு ஃபிரேம் போடுவது. முருகன், பிள்ளையார், பட்டமளிப்பு அங்கி போட்ட பிள்ளைகள், கல்யாண ஜோடிகள், போய்ச் சேர்ந்தவர்கள். என் தொழில் இந்த ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

தர்ஷினிக்குப் பத்தொன்பது வயது. ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். தோழிகளோடு ஆங்கிலம், பேருந்து ஓட்டுநரோடு மலாய், அம்மாவோடு தமிழ், என்னோடு கட்டைவிரல். பள்ளிக்கூட நாட்களில் படிவங்களில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் எப்போதும் 'பிஸ்னஸ்' என்று எழுதுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. நானும் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஆனால் அவள் தோழிகளில் ஒருத்திகூட எங்கள் கடைக்குள் வந்ததில்லை. வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள், இவள் ஓடிப்போய் ஏறிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் மூன்று மாதத்துக்கு முன் ஒரு மாலை கடைக்குள் வந்து, மரத்தூள் படிந்த ஸ்டூலைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் டிரெய்னிங் போற கேலரியில ஃபோட்டோ எக்ஸிபிஷன் வைக்கிறாங்க. பழைய ராக் பேண்டு படங்க. நாப்பது பீஸ். ஃபிரேம் போட ஆள் தேடுனாங்க. நான் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்ன?"

"எங்கப்பா ஃபிரேம் போடுவாரு, நல்லா போடுவாருன்னு."

கையிலிருந்த சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தேன். வெளியாட்களிடம் அவள் என் தொழிலை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்பது என்ன, நானூறு படமாக இருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

"ஆனா அப்பா, ஒரு கண்டிஷன். பொட்டு வேணாம். சந்தனம், குங்குமம், ஒண்ணும் வேணாம். இது சாமி படம் இல்ல."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

2

இந்த இடத்தில் எங்கள் தொழில் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஃபிரேம் கடைக்காரன் ஒருபோதும் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டு: "இவர் இருக்கிறாரா?" படத்தைக் கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்தும் படத்தைப் பார்த்தும் நாமே தெரிந்துகொள்ள வேண்டும். ஜோடியாக இருந்தால் இருக்கிறார்கள். பிள்ளைகுட்டிகளோடு இருந்தால் இருக்கிறார்கள். ஒற்றை ஆள், பெரிய அளவு, கறுப்பு வெள்ளை என்றால் போய்விட்டார். அதற்குமேல் விசாரணை தேவையில்லை. கறுப்பு ஃபிரேம் போட்டு, மாலை மாட்ட மேலே ஒரு சின்னப் பித்தளைக் கொக்கியை வைத்து, கண்ணாடியைத் துடைத்து, நெற்றிக்கு நேராகச் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டுக் கொடுத்துவிட வேண்டும். வாங்க வருகிறவர்கள் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் அழுவார்கள். அதுவரை அழாதவர்கள்கூட.

விருத்தாசலத்தில் ஒரு ரைஸ்மில்காரர் தன்னுடைய படத்தைத் தனியாக, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஃபிரேம் போடக் கொடுத்தார். ஆசாமி கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். படம் வீட்டுக்குப் போன மறுநாள் அவர் மனைவி அழுதுகொண்டே எங்கள் கடைக்கு வந்துவிட்டார். ஒண்டியாக மாட்டக் கூடாதாம். தன் படத்தையும் அதே அளவில் போட்டுப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். அண்ணன் இரண்டே நாளில் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு அந்த அம்மாளின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது, புருஷனை எமன் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகிற மாதிரிதான் இருந்தது.

இந்த வழக்கத்தையெல்லாம் பெட்டியில் போட்டு நான் இங்கே கொண்டுவரவில்லை. அது கையில் இருக்கிறது. கை வந்தால் அதுவும் வந்துவிடுகிறது. இங்கேயும் அதற்கு அர்த்தம் தெரியாத தமிழர் கிடையாது, ரெங்கத்துத் தோட்டமானாலும் செனாய்க் குடியிருப்பானாலும்.

3

கேலரியின் பொறுப்பாளர் ஃபாரா என்கிற மலாய்ப் பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். வேனில் படங்களை ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். தர்ஷினி கூடவே வந்து, கடையை ஒருமுறை ஃபாராவின் கண்ணால் பார்த்தாள். நானும் அவள் கண்ணால் பார்த்தேன். மின்விளக்கு சுற்றிய மாரியம்மன் படம் அன்றைக்கென்று கொஞ்சம் அதிகமாகவே மின்னிக்கொண்டிருந்தது. ஃபாரா அதன் முன்னால் நின்று, "சந்தேக்!" என்றார். அழகாக இருக்கிறது என்று அர்த்தம். தர்ஷினியின் தோள்கள் ஒரு அங்குலம் கீழே இறங்கின.

படங்களை மேசையில் பரப்பினோம். க்ளுவாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு சீனக் கிழவர், இருபது வருடம் ஜொகூர் முழுக்க ராக் கச்சேரிகளாகச் சுற்றி எடுத்த படங்கள். மலாய் ராக் கொடிகட்டிப் பறந்த காலமாம். திடல்களிலும் பழைய சினிமா கொட்டகைகளிலும் கூட்டம் நெரியுமாம். படத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இடுப்புவரை முடி. சட்டை பாதிப்பேருக்குத்தான். கால்சட்டை எல்லோருக்கும் இருந்தது, ஆனால் அதற்குள் எப்படி இறங்கினார்கள் என்பதுதான் தெரியவில்லை. குழுக்களின் பெயர்கள் எல்லாம் இடி, மின்னல், இரும்பு, பாம்பு என்றே இருந்தன. அமைதியான பெயரில் ஒன்றுகூட இல்லை.

எனக்கோ வேறு கவலை. ஒருவருக்கும் காது தெரியவில்லை.

நீங்கள் சிரிப்பீர்கள். நான் கல்யாணம் ஆன புதிதில், மனைவியோடு இங்கே தங்குவதற்கான அனுமதிக்குப் படம் எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் காதைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அப்போது மலாய் தெரியாது. தோடு நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அவர் மறுபடியும் காதைத் தொட்டார். நான் மறுபடியும் பாராட்டினேன். பின்வரிசையில் நின்ற ஒரு சர்தார்ஜிதான், "தம்பி, உங்க காது படத்துல தெரியல லா" என்று தமிழில் சொல்லி என்னைக் காப்பாற்றினார். அதன்பிறகு சிவப்பு அடையாள அட்டை கிடைத்து நிரந்தரவாசி ஆகும்வரை, ஒவ்வொரு வருடமும் முடி வெட்டி, காதைக் காட்டி, படம் எடுத்து, வரிசையில் நின்றிருக்கிறேன். இந்த நாட்டில் என்னை நிலைநிறுத்தியவை என் இரண்டு காதுகள் என்றுகூடச் சொல்லலாம். அப்படிப்பட்டவனிடம் காதே இல்லாத நாற்பது பேரைக் கொண்டுவந்து கொடுத்தால் எப்படி இருக்கும்?

"எந்த நிறத்தில் ஃபிரேம்?" என்று மலாயில் கேட்டேன்.

"ஹீத்தாம். செமுவா ஹீத்தாம்," என்றார் ஃபாரா. கறுப்பு. எல்லாமே கறுப்பு.

கறுப்பு வெள்ளைப் படம், ஒற்றை ஒற்றை ஆட்கள், கறுப்பு ஃபிரேம். "தேக்கு நிறத்தில் போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே" என்று இழுத்தேன். தர்ஷினி என்னைப் பார்த்தாள். "சரி, கறுப்பு," என்றேன்.

4

இரண்டு வாரத்தில் முப்பத்தொன்பது படங்களை முடித்தேன். ஒவ்வொன்றாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரே சமயத்தில் ஒரு பட்டாளத்தையே பறிகொடுத்த வீடு மாதிரி இருந்தது. கடைக்கு வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "பஸ் ஆக்சிடெண்டா?" என்று மெல்லக் கேட்டார்.

ஆனால் பொட்டு வைக்கவில்லை. சந்தனக் கிண்ணத்தைச் சமையலறையில் லெட்சுமியிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தரவேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். வாக்கு என்றால் வாக்கு.

நாற்பதாவது படம்தான் எல்லாவற்றிலும் பெரியது. நுழைவாயிலில் தனியாக மாட்டுவதற்கு என்று ஃபாரா ஒதுக்கியிருந்தார். கித்தார் பிடித்திருக்கும் ஒரு ஆள். முடி முகத்தைச் சுற்றிப் பறக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. முகத்தில் அப்படி ஒரு அமைதி. பின்பக்கம் பென்சிலில் 'மணியம், பாஸ் கித்தார்' என்று எழுதியிருந்தது.

மாலை டீ கொண்டுவந்த லெட்சுமி அந்தப் படத்தைப் பார்த்தாள். தட்டை மேசை விளிம்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அலமாக்! இது நம்ம மணியண்ணன்!"

லெட்சுமி ரெங்கத்துக்காரி. எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி இருபது வருடம் கழித்து அன்றைக்குத்தான் தெரிந்தது, என் மனைவி சின்ன வயதில் ராக் பைத்தியமாக இருந்திருக்கிறாள். தகரப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் இந்தக் குழுவின் படத்தை ஒட்டிவைத்திருந்தாளாம். பெட்டியைத் திறந்தால் படம், மூடினால் நல்ல பிள்ளை. மணியம் பக்கத்துத் தோட்டத்துக்காரர். மலாய்க்காரர்களுக்கு நடுவில் மேடையேறிய ஒரே தமிழ் முகம்.

"இப்ப எங்க இருக்காரு?" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "எங்க இருக்காரு? சின்ன வயசுலயே போய்ட்டாரு. மோட்டர் சைக்கிள்ல அடிபட்டுன்னு சொன்னாங்க. அவங்க வீட்டு ஹால்ல போட்டோ மாட்டி, பொட்டு வச்சி, மாலை போட்டிருந்தாங்க. நான் என் கண்ணால பாத்தேன். அன்னைக்கு எங்க லயத்து வீடுகள்ல பொம்பளப் புள்ளைங்க ஒருத்தியும் சாப்புடல."

நான் படத்தைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை. ஒற்றை ஆள். பெரிய அளவு. கண் மூடியிருக்கிறார். வாசலில் தனியாக மாட்டப் போகிறார்கள். போதாததற்கு, பொட்டு வைத்த படத்தைப் பார்த்த சாட்சி வேறு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சுகிறது.

"ஒரு பொட்டாச்சும் வச்சி அனுப்புங்க. பாவம். நம்மாளு," என்று சொல்லிவிட்டு அவளே போய்ச் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

மகளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். மனைவியின் கண்ணீர் ஒரு பக்கம். இருபத்திரண்டு வருடத்தில் நான் பொட்டு வைக்காமல் வழியனுப்பிய தமிழன் யாரும் இல்லை. மொட்டை நெற்றியோடு இவரை மட்டும் அனுப்பினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்காது. சின்னதாக வைத்தேன். மிளகளவு. மேலே கொக்கியும் தன்னால் ஏறிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், கொக்கியை நான் யோசித்து வைக்கவில்லை.

5

திறப்பு விழா ஒரு சனிக்கிழமை காலை. படங்களை முந்தின நாள் கேலரி ஆட்கள் வந்து எடுத்துப்போய் மாட்டியிருந்தார்கள். அன்று தர்ஷினிக்கு வகுப்பு இருந்ததால் அவள் நாற்பதாவது படத்தை முதன்முதலில் பார்த்தது விழா நாளில்தான். நானும் லெட்சுமியும் பட்டுவேட்டி, பட்டுப்புடவையோடு போய் இறங்கினோம். ராக் கண்காட்சிக்கு வேறு என்ன உடுத்துவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மற்ற எல்லோரும் கறுப்பு டி-சர்ட்டில் இருந்தார்கள்.

வாசலிலேயே தர்ஷினி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. விழாவைப் படமெடுப்பது அவள் பொறுப்பு.

"அப்பா! நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்!"

"இல்லம்மா, அவர் காலமாயிட்டாராம். உங்கம்மாதான்..."

"நான் ஒண்ணே ஒண்ணுதான்பா சொன்னேன்."

இரண்டாவது தடவை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்துக்கொண்டு படத்தை நோக்கி அவள் நடக்கும்போது ஃபாரா வந்துவிட்டார். பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுதான் அழகு என்றார். அவருக்கு அது ஏதோ எங்கள் ஊர்க் கலை வேலைப்பாடு. "அவர் இதைப் பார்த்தால் ரொம்ப சந்தோஷப்படுவார்," என்றும் மலாயில் சொன்னார்.

நாம்கூடப் போனவர்களைப் பற்றி அப்படித்தானே பேசுவோம்? மேலேயிருந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று. நானும் கூரையைப் பார்த்துக் கும்பிட்டேன். தர்ஷினி டிஷ்யூவைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே லெட்சுமி தன் பையைத் திறந்தாள். வாழையிலைப் பொட்டலம். உள்ளே சாமந்தி மாலை.

"என்னடி இது?"

"கொக்கி வச்சிருக்கீங்கல்ல?"

நான் தடுப்பதற்குள் போட்டுவிட்டாள். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. கைகூப்பி, கண்மூடி ஒரு நிமிடம் நின்றாள். பக்கத்தில் நின்றிருந்த இரண்டு கறுப்பு டி-சர்ட்டு இளைஞர்களும் மரியாதையாகத் தலை குனிந்தார்கள்.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. ஒட்ட வெட்டிய நரைமுடி, காலர் வைத்த நீலச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. இரண்டு காதும் நன்றாகத் தெரிந்தன. ஃபாரா ஓடிப்போய், "அங்கிள் மணியம்! வாங்க, வாங்க!" என்று அவரை அழைத்துக்கொண்டு நேராக எங்கள் பக்கம் வந்தார்.

லெட்சுமி கண்ணைத் திறந்தாள். படத்தைப் பார்த்தாள். வந்தவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். என் வேட்டித் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

மணியம் தன் படத்தின் முன்னால் நின்றார். மாலையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் அவர், நான், லெட்சுமி, உள்ளேயிருந்து வந்து தூணருகில் நின்றுவிட்ட தர்ஷினி, நான்கே பேர். மற்றவர்கள் கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"இத செஞ்சது யாரு?" என்று தமிழில் கேட்டார்.

எனக்குப் பயம் அந்த மனிதரைப் பற்றி அல்ல. என் மகள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே ஒரு நல்ல வார்த்தையை அவள் முன்னாலேயே நான் உடைத்துவிட்டேன். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"எங்கப்பா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தர்ஷினி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது. "எங்கப்பாதான் அங்கிள். எல்லாத்துக்கும் ஃபிரேம் போட்டது அவருதான். நீங்க இல்லன்னு தப்பா நெனச்சிட்டாரு. சாரி அங்கிள்."

மணியம் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது ரெண்டாவது தடவ லா, தம்பி," என்றார்.

6

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாங்கள் அந்தப் படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். லெட்சுமி வேகவேகமாக மாலையைக் கழற்றிப் பொட்டலத்துக்குள் திணித்துவிட்டிருந்தாள்.

"எங்கப்பா தோட்டத்துல மண்டோரு. நூறு பேர வேலை வாங்குற ஆளு. பெத்த பையன் முடிய வளத்துக்கிட்டு, இறுக்கமா சிலுவார் போட்டுக்கிட்டு, மேடையில ஆடுனா சும்மா இருப்பாரா? முடிய வெட்டு, இல்லாட்டி உன்னையத் தலைமுழுகிடுவேன்னாரு. நான் வெட்டல. அவரு முழுகிட்டாரு. அது சும்மா வாய்வார்த்தை இல்ல. ஆத்துல போயி நெசமாவே முழுகிட்டு வந்து, என் போட்டோவுக்கு ஃபிரேம் போட்டு, பொட்டு வச்சி, மாலை போட்டு, ஹால்ல மாட்டிட்டாரு. கேக்குறவங்ககிட்ட செத்துட்டான்னு சொல்லிட்டாரு. மோட்டர்ல அடிபட்டது எல்லாம் சனங்களா சேத்துக்கிட்டது."

"நாங்கல்லாம் ஒரு நாள் பட்டினி கெடந்தோம்ண்ணே," என்றாள் லெட்சுமி. அவள் குரலில் இத்தனை வருடம் கழித்து ஒரு சின்னக் கோபம் இருந்தது. சாப்பிடாத அந்த ஒரு வேளைச் சோற்றை யாரிடம் கேட்பது?

"மன்னிச்சிக்கம்மா. எனக்குத் தெரியாது," என்று அவர் கைகூப்பினார்.

"அப்புறம் வீட்டுக்குப் போனீங்களா அங்கிள்?" என்று கேட்டது தர்ஷினி.

மணியம் சாவிக்கொத்தை உருட்டினார். "போனேன். எட்டு வருசம் கழிச்சி. அப்பா தவறிட்டாருன்னு ஆள் வந்து சொன்னாங்க. மூத்த புள்ள நான்தானே? மொட்டை போடணும்ல? அவரு உசுரோட இருக்கும்போது வெட்ட மாட்டேன்னு சொன்ன முடிய, அவருக்காகத்தான் எடுத்தேன். அதோட கித்தாரையும் விட்டுட்டேன். இப்ப ஸ்கூல் பஸ் ஓட்டுறேன். புள்ளைங்க ஒருத்தருக்கும் நான் யாருன்னு தெரியாது."

தர்ஷினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். படத்தின் ஃபிரேம் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மூலையில் இரண்டு மரமும் சேரும் இடத்தை நகத்தால் சோதித்தார். இடைவெளி இல்லை. அதில் நான் பெருமைப்பட்டால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

"நல்ல வேலை தம்பி. அப்ப வச்சது கோவத்துல வச்ச பொட்டு. ஃபிரேம்கூட கோணலா இருக்கும். நீங்க மரியாதையா வச்சிருக்கீங்க."

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபாராவின் கையிலிருந்த தண்ணீர் போத்தலை வாங்கி, விரல் நுனியை நனைத்து, கண்ணாடியில் காய்ந்திருந்த அந்த மிளகளவுப் பொட்டைத் தொட்டு எடுத்தார். தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குன்னு வச்சது. நானே வச்சிக்கிறேன்," என்றார்.

கூடம் முழுக்கக் கைதட்டல். அவர்களுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. ஒரு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் இது கண்காட்சியின் திறப்புச் சடங்கா என்று ஃபாராவிடம் கேட்க, அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றார். நான் பையிலிருந்த துணியை எடுத்து, நாற்காலிமேல் முட்டிபோட்டு, கண்ணாடியில் படிந்த ஈரக்கறையைத் துடைக்க ஆரம்பித்தேன். இவ்வளவு நடந்த பிறகும் கறையோடு விட்டுப்போக மனம் வரவில்லை. எனக்குப் பின்னால் எங்கேயோ கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது.

7

கண்காட்சி ஒரு மாதம் நடந்து முடிந்தது. மணியண்ணன் இப்போது வாரம் ஒருமுறை பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு வந்து டீ குடிக்கிறார். லெட்சுமி அவருக்கு டீ ஆற்றிக் கொடுக்கும் அழகைப் பார்த்தால், எனக்கு ஏன் இருபது வருடமாக ஆறாத டீயே வருகிறது என்ற சந்தேகம் வருகிறது.

போன மாதம் தர்ஷினி கடைக்கு வந்தாள். வாசலில் கார் நின்றது. ஹாரன் சத்தம் இல்லை. அவளோடு இரண்டு தோழிகள் இறங்கி உள்ளே வந்தார்கள். ஒருத்தி மாரியம்மனின் மின்விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்தாள். தர்ஷினி ஒரு பெரிய உறையை என் மேசைமேல் வைத்தாள்.

"அப்பா, இத ஃபிரேம் போடணும். கறுப்பு. பெரிய சைஸ்."

பிரித்தேன். நான்தான். கறுப்பு வெள்ளையில், பட்டுவேட்டியோடு முட்டிபோட்டு, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கிறேன். கண்ணாடிக்குள்ளிருந்து நீளமுடி மணியம் கண்மூடி நிற்கிறார்.

"காலேஜ்ல கடைசி வருச ப்ராஜெக்ட். இதுக்குத்தான் முதல் மார்க்கு. ஷோ முடிஞ்சதும் கடையில மாட்டிக்கலாம்."

ஒற்றை ஆள். பெரிய அளவு. கறுப்பு வெள்ளை. கறுப்பு ஃபிரேம். விருத்தாசலத்து ரைஸ்மில்காரர் மனைவி என் காதுக்குள் அழுதார். பக்கத்தில் உங்கம்மா படத்தையும் போட்டு ஜோடியாக மாட்டிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கீழே அவள் அச்சடித்து ஒட்டியிருந்த சின்ன அட்டை கண்ணில் பட்டது. தமிழில் இருந்தது. 'என் அப்பா. படங்களுக்கு ஃபிரேம் போடுகிறார்.'

'பிஸ்னஸ்' இல்லை.

கண்ணாடியை வெட்டினேன். மூலைகளைச் சேர்த்தேன். துடைத்தேன். கொக்கி ஏறாமல் பார்த்துக்கொள்ள, பித்தளைக் கொக்கி டப்பாவைத் தர்ஷினியே கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். "பொட்டு வேணாம்பா," என்றாள். "வேணாம்மா," என்றேன்.

ஷோ முடிந்து இப்போது அந்தப் படம் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. சாமிகளுக்கும் காலமானவர்களுக்கும் நடுவில், பொட்டு இல்லாத ஒரே ஆள் நான்தான். கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள். செருப்பைக் கழற்றுகிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எப்ப தவறுனாங்க?" என்று கேட்கிறார்கள். நான் அதற்கு நேர்கீழே உட்கார்ந்துகொண்டு, "என் மக எடுத்த படம்," என்கிறேன்.